ஆராயாத் தீர்ப்பு



விருதுநகருக்கு வடக்கே மதுரை. தெற்கே, முன்பு கடலை அடுத்திருந்த கொற்கை. இவ்விரு பாண்டியப் பேரூர்களோடும் குற்றமற்றோர் கொலையுண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் இணைத்துக் கூறுகிறது. மதுரைச் செய்தியை அறியாதார் இலர். கொற்கைச் செய்தியை நினைப்பவர் சிலரே.

பொற்கொல்லன் வந்து முறையிட்டபோது நெடுஞ்செழியன் ஊடிய தேவியை நாடி விரைந்துகொண்டிருந்தான். சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று கொணர்க என்று காவலரிடம் கூறிச் சென்றான். வழக்கு அவ்வளவில் முடிந்தது. ஆயினும் காவலர் உடனே கொன்றுவிடவில்லை. கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்றே கூறினர். பொற்கொல்லன் நகைத்தான், மந்திரம், மருந்து, நிமித்தம் எனக் கள்வர்க்குத் துணையாகும் எட்டினையும் அடுக்கினான். இளைஞன் ஒருவன் தான் முன்னொரு நாள் இரவில் கண்ட கள்வனின் திறத்தை எடுத்துரைத்தான். பேச்சு நீண்டது. இன்னும் சற்று நீண்டிருந்தால், எவரேனும் ஒருவர் அரசனிடம் மீண்டு சென்று கேட்டிருக்கக்கூடும். அதற்குள் கள்ளுண்ட ஒருவன் வாளை ஓச்சினான். ஐயுற்றோர் இருந்தனர், தடுத்தோர் இலர்.

முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாய் இருந்த கோவலன், சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பழித்துக் கொல்வித்தான். அவ்வினையே வந்து உறுத்தது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உணர்த்தியது. இதைக் கேட்டதும் 'எல்லாம் வினைப்பயன்' என்று அமைதி கொள்வார் நம்மிடையே பலர். வினை, கோவலன் பட்ட துன்பத்திற்குக் காரணம் காட்டுகிறது; அரசனைக் குற்றத்தினின்று விடுவிக்கவில்லை. அரசனும் அவ்வாறு விடுதலை தேடவில்லை. தன் பிழையை உணர்ந்த அக்கணமே வீழ்ந்து இறந்தான்.

மதுரையை எரித்த தீக்கும் ஓர் ஆணை இருந்தது. அறவோர், முதியோர், குழந்தைகள் முதலியோரை விலக்கித் தீயோரை மட்டும் பற்றுக எனக் கண்ணகி பணித்தாள். சிவகாசி வட்டாரத்தார்க்குத் தீயின் இயல்பை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் எழுந்த தீ ஏறத்தாழ 40 உயிர்களைக் கொண்டது. உதவ ஓடியோரையும் அது விடவில்லை. ஆள் பார்த்து எரியும் தீ காப்பியத்தில்தான் உண்டு.

அந்தத் தீ செய்த ஆராய்ச்சியைக்கூட அடுத்துவந்த அரசன் செய்யவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்காக ஒரே பகலில் 1000 பொற்கொல்லரைப் பலியிட்டான். பொய்யுரைத்தவன் ஒருவன், அவன் தொழிலைச் செய்தது தவிர இவர்கள் செய்த குற்றம் யாது? இவர்கள் பொருட்டு அரசவையேறி வழக்குரைத்த மனைவி ஒருத்தியும் நூலில் இல்லை. காப்பியம் சில அடிகளில் இதனைக் கடந்து செல்கிறது. மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே யசோதரனும் அவன் தாயும் பிறவிதோறும் துன்புற்ற கதையைப் படித்தவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும்.

கோவலன் கொலையுண்டதைக் கேட்ட கவுந்தியடிகள் வினையின் இயல்பை அறியாதவர் அல்லர். வழிநெடுக அவ்விருவர்க்கும் அதனை உணர்த்தி வந்தவர். ஆயினும் தம்மோடு வந்ததனால்தான் அவர்களுக்கு இது நேர்ந்ததோ என வருந்தினார். வினைமேல் பழியைச் சுமத்திவிட்டு அவர் அமைந்திருக்கவில்லை. உண்ணா நோன்பு மேற்கொண்டு உயிர் நீத்தார்.