சுழியின் வலிமை



இருபடிக் கோவையைக் காரணிகளாகப் பிரிக்கச் சொன்னால், அது ஏதோ ஊகத்தால் விடை காணும் வித்தை என்று உங்களுள் பலர் எண்ணுகிறீர்கள். அதற்குள் ஒழுங்கான நெறி ஒன்று உண்டு என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

செவ்வக நிலம் ஒன்றின் நீளம் அதன் அகலத்தைவிட 7 மீட்டர் மிகுதி. பரப்பு 60 சதுர மீட்டர். அகலம் யாது? அகலத்தை ‘ய’ எனக் கொண்டால், நீளம் ய கூட்டல் 7. இவ்விரண்டின் பெருக்கற்பலன் 60. நான் திருத்திய விடைத்தாள்கள் பலவற்றில், காரணிகளுள் ஒன்று 60 ஆகும் என்று எழுதியிருக்கக் கண்டிருக்கிறேன். 6-ஐப் பத்தால் பெருக்கினாலும் 60. 4-ஐப் பதினைந்தால் பெருக்கினாலும் 60. பின்னங்களையும் சேர்த்தால் இதற்கு முடிவே இல்லை. ஆகவே 60 நமக்கு ஒன்றையும் உறுதியாகச் சொல்வதில்லை.

சுழியின் இயல்பு வேறு. இரண்டு எண்களின் பெருக்கற்பலன் சுழியானால், அவற்றுள் ஒன்றேனும் சுழியாகவே இருத்தல் வேண்டும். இதற்காகவே உறுப்புகளையெல்லாம் ஒரு பக்கம் சேர்த்து, ய வர்க்கம் கூட்டல் 7 ய கழித்தல் 60 சமம் சுழி என்று எழுதுகிறோம். கூட்டினால் 7-ம் பெருக்கினால் குறை 60-ம் தரும் எண்கள் எவை? 12-ம் குறை 5-ம். எனவே காரணிகள் ய கூட்டல் 12, ய கழித்தல் 5. முன்னது சுழியானால் ய குறை 12. பின்னது சுழியானால் ய 5. அகலம் குறை எண்ணாக இருக்க இயலாது. ஆதலின் அகலம் 5 மீட்டர், நீளம் 12 மீட்டர்.

இன்று நமக்கு எளிதாகத் தோன்றும் இவ்வழி எளிதில் கிட்டியதன்று. குறை எண்களுக்கும் சுழிக்கும் உரிய கணக்கு விதிகளைப் பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் இயற்றிய நூலில் வகுத்துரைத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, குறை எண்களை ஏற்காமையால், சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்துத் தனித்தனியே விளக்க நேர்ந்தது. ஒரு வர்க்கமும் அதன் மூலத்தைப் போல் பத்து மடங்கும் சேர்ந்து 39 என்பது அவர் கணக்கு. விடை 3 என்றார். குறை 13 என்னும் மற்றொரு விடையைக் கொள்ளவில்லை. காரணிகளைப் பெருக்கிச் சமன்பாட்டை அமைக்கும் முறையை ஆங்கிலேயரான தாமஸ் ஹாரியட் கையாண்டார். அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின், 1631-இல், அவரது நூல் அச்சேறியது.

இனி, நிலத்தின் பரப்பு 61 என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை எண்களைத் தேடினும் காரணி அகப்படாது. அதற்காக உங்கள் அறிவை நீங்களே குறைவாக எண்ண வேண்டா. ய-வின் குணகமாகிய 7-இன் வர்க்கம் 49. அதனுடன் 61-இன் நான்கு மடங்காகிய 244-ஐக் கூட்டினால் 293. இது முழு வர்க்கமன்று. ஆகவே முழு எண் காரணிகள் இல்லை. முந்தைய கணக்கிலோ 49-உடன் 240 சேர்ந்து 289, அதாவது 17-இன் வர்க்கம் கிடைத்தது.

ஆகவே, தேடத் தொடங்குமுன் இச்சோதனையைச் செய்து பாருங்கள். விடை உண்டா என்று முதலில் அறிந்து, பின்னர் தேடுபவனுக்குக் கணிதத்தில் அச்சம் இராது.