ஒரு சோறு பதமாகுமா?

(களுதாவளையில் நடந்த எமது தொழிற்சங்கக் கல்வி முகாமில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து களுதாவளைக்கு வந்தும் தேர்தல் பேச்சா என்று கேட்பீர்கள். அதைப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 2024 நவம்பர் 14ஆம் திகதி தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. 2020இல் அதற்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. 22 தேர்தல் மாவட்டங்களில் 21இல் அதுதான் முதலிடம். மிஞ்சிய ஒன்று இந்த மட்டக்களப்பு. இங்கே ஐந்தில் மூன்று ஆசனங்கள் தமிழரசுக் கட்சிக்குப் போயின.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கருத்துக்கணிப்பின் கணக்கும் அதுதான். ஆயிரம் பேரைப் பாரபட்சமில்லாமல் தெரிந்தெடுத்துக் கேட்டால், நாட்டின் போக்கு மூன்று வீதம் கூடக்குறையத் தெரிந்துவிடும். ஆனால் நாடு ஒரே பானை அல்லவே! அந்த ஆயிரத்தில் மட்டக்களப்புக்கு வருவது இருபத்தைந்து பேர் அளவில். நுவரெலியாவுக்கு முப்பத்தைந்து, அதில் லயத்தில் இருப்பவர் எத்தனை பேர்?

கேட்கும் நாளும் முக்கியம். செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியாவில் முன்னணியில் நின்றவர் சஜித் பிரேமதாச. எட்டு வாரம் ஆகுமுன் அதே மாவட்டம் எட்டில் ஐந்து ஆசனங்களைத் திசைகாட்டிக்குக் கொடுத்தது.

ஆசனத்தை எண்ணி மனத்தை அளக்கவும் முடியாது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சிக்கு வாக்கு ஏறத்தாழ 51 வீதம். ஆசனமோ 168இல் 140. முப்பது வீதமளவு எடுத்த சுதந்திரக் கட்சிக்கு வெறும் எட்டு. அடுத்த மாதமே கலவரம். தோட்டங்களை விட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் ஓடிவந்த எம் குடும்பங்களுக்கு அந்த அலையின் ஞாபகம் வேறு.

இனி எமது சொந்தக் கணக்கு. சென்ற முறை சம்பளப் போராட்டத்துக்கு முன் பிரட்டுக்களத்தில் கை தூக்கச் சொன்னோம். தலைவர்மார் பார்த்துக்கொண்டு நிற்க, எல்லாக் கைகளும் உயர்ந்தன. வேலைநிறுத்தத்தன்று பாதிப் பேர் மலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் துரோகிகள் அல்லர். நாம் கேட்ட விதம் பிழை.

அதனால் இம்முறை பெயர்ப்பட்டியலில் பத்துக்கு ஒருவராக எடுப்போம். வீட்டில் வைத்துக் கேட்போம். பெண்களிடம் பெண்களே கேட்கட்டும். பெயர் எழுதாத சீட்டு, பூட்டிய பெட்டி. போனில் கேட்டால் போதாதா என்கிறார்கள் இளைஞர்கள். பல வீடுகளில் போன் ஆண்களின் சட்டைப்பையில். கொழுந்து பறிப்பது யார்?

நாளை காலை பட்டியலோடு உட்காருகிறோம். சந்தாவை நிறுத்தியவர்களின் பெயர்களையும் கொண்டுவாருங்கள்.