அளவு டேப்பை எடுங்க

ஷிப்டு முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் பவர்டேபிள் தையல் தோழர்களே!

இன்றைக்கு நாம் நிதி கேட்பது இரண்டு காரியத்துக்கு. நம் மண்ணின் காட்டுத் தேனீக்களைக் காக்க. மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவிகள் வாங்கித் தர. "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறாங்களே" என்று வாசலில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. முடிச்சு இருக்குதுங்க. கட்டிங் மாஸ்டர் கழுத்தில் தொங்கும் அளவு டேப்தான் அது.

மார்பளவு அரை இஞ்ச் கூடினால் பையர் சாம்பிளைத் திருப்பி அனுப்புகிறான். பச்சைக் குழந்தைக்குக்கூட மாதக் கணக்கில் தனித்தனி அளவு போட்டுத் தைக்கிறோம். தானம் என்று வந்தால் மட்டும் டேப்பைக் கழற்றி வைத்துவிடுகிறோம்.

நான் கண்ணால் பார்த்தது இது. ஒரு விழாவில் ஒரே அளவில் வரிசையாகச் சக்கர நாற்காலிகள். பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தையை அதில் ஒன்றில் உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் தலையணை செருகலாம், அவ்வளவு இடம். கைதட்டினோம், போட்டோ எடுத்தோம். நானும்தான் தட்டினேன். ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனால், நாற்காலி திண்ணையில் நிற்கிறது, அதன்மேல் துணி காய்கிறது. குழந்தை உள்ளே தரையில். அவளுடைய அம்மா யாரையும் குறை சொல்லவில்லை. "வாசல் நிலவுக்குள்ள நுழையலீங்க" என்றார், அவ்வளவுதான்.

இருக்கை அகலமானால் முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணும். பொருந்தாத இருக்கையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் புண் வரும். உணர்ச்சியற்ற உடம்புக்கு அது தெரியவும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியில் சக்கர நாற்காலி வழங்க எட்டுப் படிகள் சொல்லியிருக்கிறார்கள். பணம் கட்டி ஆர்டர் கொடுப்பது அதில் நாலாவது படி. ஆளை அளப்பது அதற்கு முன்னால். பொருத்திப் பார்ப்பது, ஓட்டப் பழக்குவது, பழுது பார்ப்பது எல்லாம் பின்னால். நம் விழாக்கள் நேரே நாலில் ஏறி நாலிலேயே இறங்கிவிடுகின்றன. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறனைச் சொல்கிறது. எல்லோருக்கும் நாற்காலியா தேவை? நாற்காலி தேவைப்படுவோருக்கு, ஆளுக்கு ஏற்ற அளவில் செய்யும் நாற்காலி சென்னை ஐஐடியிலேயே பிறந்திருக்கிறது, நியோஃபிளை என்று பெயர். அளவெடுப்பது ஆகாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

தேனீக்கும் இதே கதைதான். தேனீயைக் காப்போம் என்றதும் பெட்டி வாங்கலாம் என்கிறோம். பெட்டியில் குடியேறுவது அடுக்குத் தேனீ, வெளியிலிருந்து வந்த இத்தாலியத் தேனீ மாதிரி ஒன்றிரண்டுதான். இந்தியாவில் தேனீ வகைகள் 700க்கு மேல். பெரும்பாலானவை தனியாக வாழ்பவை, தேன் சேர்த்து வைக்காதவை. இலைவெட்டித் தேனீயைப் பார்த்திருக்கிறீர்களா? ரோஜா இலையில் வட்டமாக வெட்டி எடுத்துப் போய்த் தன் கூட்டுக்கு உள் துணி தைக்கும். பேட்டர்ன் அட்டை கிடையாது, வேஸ்ட் கிடையாது. நம் ஊர் கட்டிங் மாஸ்டர் அதனிடம் பாடம் படிக்கலாம்.

மூலனூர் முருங்கைக்குப் போவோம். அந்தப் பூவுக்குப் பொருத்தமான ஆள் பெரிய உடம்புக்காரத் தச்சுத் தேனீ. கருவண்டு என்று துண்டை வீசி விரட்டுகிறோமே, அதுதான். முகத்துக்கு நேரே வந்து ரீங்காரமிடும் ஆணுக்குக் கொடுக்கே இல்லைங்க! அது குடியிருப்பது காய்ந்த கட்டையில் தானே குடைந்த துளையில். நீங்கள் பெட்டி வைத்தால் அது எட்டிக்கூடப் பார்க்காது.

இன்னும் பல வகை மண்ணுக்குள் வளை தோண்டுகின்றன. அவற்றுக்கு உழவு படாத நிலம் வேண்டும். காங்கேயம், தாராபுரம் பக்கம் நம் பாட்டன்கள் விட்டுப்போன கொரங்காடு அப்படிப்பட்ட நிலம்தான்: கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். மாட்டுக்காக வைத்தார்கள், தேனீயும் பிழைத்தது. இப்போது கிளுவையைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்டு மனை பிரிக்கிறோம். நொய்யல் ஆற்றுச் சாயக்கழிவு விஷயத்தில் 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிற வரைக்கும் நாம் காத்திருந்தோம். கருவண்டுக்காக யார் வழக்குப் போடப் போகிறார்கள்?

ஆகவே, என் வேண்டுகோள் சின்னதுதான். 2015 முதல் வனத்துக்குள் திருப்பூர் திட்டத்தில் நட்டு வளர்த்த தோப்புகளில் பட்டுப்போன கிளையை விறகுக்கு வெட்டாமல் விடுங்கள். துவரையும் முருங்கையும் பூத்திருக்கும் நாளில் மருந்து அடிக்காதீர்கள். வாசலில் மேசைமேல் நோட்டு இருக்கிறது. தொகை எழுதும் இடத்துக்கு முன்னால் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறோம். உங்கள் தெருவில் யாருக்கு என்ன கருவி வேண்டும், அவர் வீட்டு நிலவின் அகலம் எத்தனை இஞ்ச் என்று நாளைக்கே அளந்து வந்து அதில் எழுதுங்கள். பணத்தை அப்புறம் பார்த்துக்கலாமுங்க.