உடுப்பில் எழுதப்பட்ட ஆணை

(அந்தமான் சிறை குறித்த நாடகத்துக்கு உடை அமைப்பது பற்றி, கோலார் தங்கவயலில் நாடகக் குழுத் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். நீங்கள் ஒத்திகை பார்த்துவரும் நாடகப் பிரதியைத் தமிழாக்கியவன் நான். அந்தமான் கைதியின் கழுத்தில் தொங்கிய அடையாளத்தை அதில் ‘கழுத்துச் சீட்டு’ என்று எழுதியிருந்தேன். உடை தைக்கும் பொறுப்பேற்ற தோழர் அதைப் படித்து, அட்டையில் எண் எழுதி, நூலில் கோத்துக் கொண்டுவந்தார். அவர்மீது பிழையில்லை. சீட்டு என்றால் தாள் என்றுதான் எவரும் எண்ணுவர். உண்மையில் அது ஒரு மரத்துண்டு. இரும்பு வளையத்தில் மாட்டப்பட்டுக் கைதியின் கழுத்தில் கிடந்தது. கைதியின் எண், தண்டனைச் சட்டப் பிரிவு, தண்டனை பெற்ற நாள், விடுதலை பெறும் நாள் ஆகியவை அதில் இருந்தன. அபாயகரமானவர் என்று அரசு கருதியவருக்கு ‘டி’ என்ற எழுத்தும் சேர்ந்தது. நான் கவனமின்றி எழுதிய ஒரு சொல் மரத்தைத் தாளாக்கிவிட்டது, இரும்பை நூலாக்கிவிட்டது. ஒடுக்குமுறையின் எடையே அதனால் குறைந்துவிட்டது.

இன்று நான் சொல்ல வந்தது இதிலிருந்தே பிறக்கிறது. புராண நாடகத்தில் உடை என்பது அணிபவரைப் பெரிதாக்கும் ஒப்பனை. பட்டும் சரிகையும் கிரீடமும் அதற்காகவே வந்தன. சிறை நாடகத்தில் உடை ஒப்பனையன்று. அது உடலின்மேல் எழுதப்பட்ட அரசாணை. தமிழில் உடையும் உடைமையும் ஒலியால் நெருங்கிய சொற்கள். கைதிக்கோ உடை உண்டு, உடைமை இல்லை. உடுத்திய துணியும் அரசின் சொத்து. ஆகவே ஒவ்வொரு துணியைத் தைக்கும்போதும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இதை அணியுமாறு ஆணையிட்டவர் யார்? ஆணைக்கு ஆளானவர் இதை என்ன செய்தார்?

கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட உடை வேண்டும் என்று சில தோழர்கள் கேட்டார்கள். பட்டைத் துணியைக் கண்டதும் கைதி என்று புரிந்துகொள்ளத் திரைப்படம் நம்மைப் பழக்கியிருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு நாம் அடிபணிந்தால், பார்வையாளர் திரைப்படக் கைதியைத்தான் காண்பார். வரலாற்றின் கைதியைக் காணமாட்டார். நம் நாடகம் மூன்று காலங்களில் நிகழ்கிறது. மூன்றுக்கும் ஒரே சீருடை பொருந்தாது.

முதற்காட்சி 1802. மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட பின், சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் எழுபதுக்கு மேற்பட்ட போராளிகளும் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். தமிழர் கண்ட தண்டனைத் தீவு அந்தமானுக்கு முன்பே உண்டு என்பதை இக்காட்சி நினைவூட்டுகிறது. 1818இல் பினாங்கில் தம்முன் வந்து நின்ற நலிந்த முதியவர் துரைசாமிதான் என்பதை, அவரே சொல்லும்வரை வெள்ளை அதிகாரி வெல்ஷ் அறியவில்லை. அந்தப் பதினாறு ஆண்டுகளை நரை மயிரால் மட்டும் காட்ட முயலாதீர்கள். முதலில் அளவாக இருந்த அதே மேலாடை பின்னர் தோளிலிருந்து நழுவட்டும். உடல் சுருங்கிவிட்டதைத் துணியே சொல்லிவிடும்.

அக்காலத்தில் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் கொடுமையும் இருந்தது. ‘கோத்னா’ எனப்பட்ட அம்முறை 1849இல்தான் ஒழிக்கப்பட்டது. கடல்கடந்து சென்ற கைதிகள் பலர் தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டி அந்த எழுத்தை மறைத்தனர். அரசு எழுதியதை ஒரு முழத் துணியால் மனிதர் அழித்த செயல் அது. பினாங்குக் காட்சியில் பின்னே நிற்கும் இரண்டு கைதிகளுக்கு அப்படித் தலைப்பாகை கட்டுங்கள். வசனம் தேவையில்லை.

இரண்டாம் காலம் 1909க்குப் பின். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த, ஏழு கிளைகளும் மூன்று தளங்களும் கொண்ட செல்லுலார் சிறை. அலிப்பூர் வழக்கில் தண்டிக்கப்பட்டு அங்கு வந்த பாரீந்திர குமார் கோஷ் தம் நினைவுகளில் தமக்குத் தரப்பட்ட உடையைக் குறித்திருக்கிறார். அரைக்கால் சட்டை, குர்தா, வெள்ளைக் குல்லாய், அவ்வளவே. தண்டனைக் காலத்தில் கோணியால் தைத்த உடை. காலில் விலங்கு; அதிலும் இரு கால்களையும் ஒன்றுசேர்க்க விடாத குறுக்குத் தண்டு விலங்கு ஒன்று. செக்கிழுத்து நாளொன்றுக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் தரவேண்டிய உடல்மேல் இவை கிடந்தன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வார்டர், பெட்டி ஆபீசர், டின்டால், ஜமேதார் எனப்பட்டோர் வெள்ளையர் அல்லர், அவர்களும் கைதிகளே. கச்சையும் வில்லையும் தந்து, அரசு கைதிகளுக்குள்ளேயே ஒரு மேல்தட்டை உருவாக்கியது. ஆகவே பெட்டி ஆபீசருக்குக் காக்கிச் சட்டை மாட்டிவிடாதீர்கள். கைதியின் அதே முரட்டுத் துணிமேல் கச்சையையும் வில்லையையும் ஏற்றுங்கள். அடிப்பவனும் அடிபடுபவனும் ஒரே துணியில் நிற்பதைப் பார்வையாளர் காணட்டும். பிரித்தாளும் சூழ்ச்சியைப் பத்து நிமிட வசனத்தைக் காட்டிலும் அது தெளிவாக விளக்கும்.

மூன்றாம் காலம் 1933. உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மோய்த்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். போராட்டத்தின் விளைவாகக் கொட்டடிக்குள் விளக்கும் நூல்களும் வந்தன. படிப்பு வட்டங்கள் வளர்ந்து, 1935இல் கம்யூனிஸ்ட் ஒருங்கிணைப்புக் குழு உருவாயிற்று. ஹரேகிருஷ்ண கோனார் போன்றோர் அங்கிருந்தே நம் இயக்கத்துக்கு வந்தனர். இக்காட்சியில் நாயகனுக்கு மட்டும் சலவை செய்த உடை தரவேண்டாம். அச்சிறையின் பெயரைச் சொன்னால் ஒரே ஒருவரை மட்டும் நினைக்கும்படி இன்று ஆட்சியாளர்கள் வரலாற்றைச் சுருக்குகிறார்கள். ஒருவரை மட்டும் துலங்கச் செய்து, ஏனையோரைக் கூட்டமாக்கும் உடையமைப்பு அதே சுருக்கத்தை மேடையில் செய்யும். எல்லோருக்கும் ஒரே துணி. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வேறுபாடு. ஒருவர் கிழிசலைத் தைத்திருக்கிறார், ஒருவர் முடிச்சிட்டிருக்கிறார், ஒருவர் அப்படியே விட்டிருக்கிறார். எண்ணுக்குப் பின்னே ஆள் இருக்கிறான் என்பதற்கு அது போதும்.

இதையெல்லாம் தங்கவயலில் ஏன் விரிவாகப் பேசுகிறேன்? கழுத்துப் பலகையை உங்களைவிட நன்கு புரிந்துகொள்ளக்கூடிய பார்வையாளர் எங்கும் இல்லை. வடஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்களில் இறங்கிய நம் முன்னோர், பெரும்பாலும் தலித் மக்கள், எண்ணால் அறியப்பட்டவர்கள். எண் பொறித்த உலோகக் காப்பை மணிக்கட்டில் பூட்டிய முறை இங்கு இருந்தது. கைரேகைப் பதிவு 1897இல் கல்கத்தாவில் குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்காக அமைக்கப்பட்டது. அதே பதிவைச் சுரங்கத் தொழிலாளர்மீது திணித்தபோது, 1930 ஏப்ரலில் இம்மண் வேலைநிறுத்தத்தால் விடை சொன்னது. கூலி உயர்வுக்காக மட்டும் எழுந்த போராட்டமன்று அது. நாங்கள் குற்றவாளிகள் அல்லர் என்ற மானத்தின் குரல். உங்கள் வீட்டு முதியவர்களிடம் காப்பைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை கனம், எங்கே உரசியது என்று கேளுங்கள். அந்தமான் கைதியின் கழுத்து வளையத்தை எப்படி நடிப்பது என்பதற்கான பாடம் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது.

செய்முறை குறித்துச் சில சொற்கள். டெரிகாட்டன் வேண்டாம், மடிப்புக் குலையாத துணி சிறையைக் காட்டாது. சலவை செய்யாத காடாத் துணியை வாங்குங்கள். தைத்தபின் தேயிலைச் சாற்றில் ஊறவையுங்கள்; தூய வெள்ளை மேடை விளக்கில் கண்ணைப் பறிக்கும், முகத்தை மறைக்கும். முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களைச் செங்கல்லால் தேயுங்கள். பலகை மரமாகவே இருக்கட்டும். வளையத்தின் பின்புறம் திறந்துவிடும் கொக்கி வைப்பது நடிகரின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது. முழு எடை விலங்கை ஒத்திகையில் ஒருநாளாவது அணியுங்கள். கால் அந்த நடையைக் கற்றுக்கொண்டபின், மேடையில் இலேசான விலங்கு போதும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றுமுதல் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூரு சென்று திரும்பும் வாழ்க்கை நம்முடையதாயிற்று. இவ்வுடைகளைத் தைக்கப் போகும் தோழியர் பலர் அங்கே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தைப்பவர்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு, மணிக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கோடு, யாரோ அணியப்போகும் சட்டைக்குக் காலர் மட்டும் தைக்கும் கைகள் அவை. இந்த நாடகத்தில் அக்கைகள் முதல் தையலிலிருந்து கடைசித் தையல்வரை ஓர் உடையை முழுதாகத் தைக்கப் போகின்றன. யாருக்காக, எதற்காக என்று அறிந்தே தைக்கப் போகின்றன.

என் பிரதியில் அந்தச் சொல்லைத் திருத்திவிட்டேன். ‘கழுத்துப் பலகை’ என்று இப்போது இருக்கிறது. அட்டையைக் கழற்றிவிட்டு மரத்தை மாட்டுங்கள். எடை தெரியட்டும்.

செவ்வணக்கம்!