படத்தின் கீழே ஒரு பெயர்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மலருக்காகப் பழைய படங்களைத் திரட்டியபோது, நம் இரவுப் பாடசாலை தொடங்கிய நாளில் எடுத்த படம் ஒன்று கிடைத்தது. அதில் பதினொருவர் நிற்கின்றனர். பத்துப் பேரை உடனே அடையாளம் கண்டோம். ஓரத்தில் நின்றவரை மட்டும், “யாரோ ஒரு அம்மா” என்றார்கள். படத்தின் பின்புறம் ஓர் எழுத்தும் இல்லை. பாடசாலை நடத்தத் தம் வீட்டுத் திண்ணையை அளித்தவர் அவரே என்பதை மூன்று வாரம் விசாரித்த பின்னரே அறிந்தோம். இருபத்தைந்தே ஆண்டுகளில் ஒரு கொடையாளியின் பெயர் மறைய இருந்தது. ஆகவேதான், கல்லூரிகளில் ஆய்வேடு எழுதும் உங்களிடம் படக்குறிப்பைப் பற்றிப் பேச விரும்பினேன்.

இது சிறிய செய்தி அன்று. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் நூலை 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். அதிலுள்ள படங்கள் பலவற்றின் கீழே சாதியின் பெயர் உண்டு. நிற்கும் மனிதரின் பெயர் இல்லை. அவரையும் பெற்றவர்கள் பெயரிட்டே அழைத்திருப்பார்கள். அப்பெயர் நூலில் ஏறவில்லை, நமக்கும் எட்டவில்லை. படக்குறிப்பு எழுதுகிறவன் கையில் எத்துணை அதிகாரம் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆய்வேட்டில் ஒரு படத்தைச் சேர்த்தால், அதற்கு எண் கொடுங்கள். படத்தில் இருப்பது என்ன, ஆக்கியவர் யார், எந்த ஆண்டு, எப்பொருளால் ஆனது, இப்போது எங்குள்ளது, நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பவற்றை எழுதுங்கள். ஏ.பி.ஏ. முறையில் எண்ணும் தலைப்பும் படத்தின் மேலே வரும், எம்.எல்.ஏ. முறையில் குறிப்பு கீழே வரும். உங்கள் துறை கேட்கும் முறையை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை மாறாமல் பின்பற்றுங்கள்.

சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையை எடுத்துக்கொள்வோம். அதை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அச்சிலையை வேறொருவர் படம் பிடித்திருந்தால், சிற்பியின் பெயரோடு படம் எடுத்தவரின் பெயரையும் குறிக்க வேண்டும். அங்கே உழைப்பு இருவருடையது. நீங்களே எடுத்திருந்தால், அதையும் நாளுடன் எழுதுங்கள்.

திரைப்படமாயின், ஆனந்த் பட்வர்தன் 2011இல் வெளியிட்ட ‘ஜெய் பீம் காம்ரேட்’ என்னும் ஆவணப்படத்தைப் போன்றதொன்றில், பெயர், இயக்குநர், ஆண்டு ஆகியவற்றோடு, காட்சி வரும் மணி, நிமிடம், நொடியையும் தாருங்கள். நூலுக்குப் பக்க எண் எப்படியோ, படத்திற்கு நொடி அப்படி.

“கூகுளிலிருந்து எடுத்தது” என்று எழுதாதீர்கள். கூகுள் தேடித் தரும் கருவி, படைத்தவர் அன்று. படம் முதலில் வெளியான இடத்தைத் தேடிச் செல்லுங்கள். படைத்தவர் எவரெனத் தெரியாவிடில், “எடுத்தவர் பெயர் தெரியவில்லை” என்று நேர்மையாக எழுதுங்கள். ஊகத்தைப் பெயராக்காதீர்கள்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 57ஆம் பிரிவில், ‘இது என் படைப்பு’ என்று உரைக்கும் உரிமையைப் படைத்தவருக்கு அளிக்கிறது. ஆராய்ச்சிக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதையும் அச்சட்டம் ஏற்கிறது. எனினும் ஆய்வேட்டை நூலாக அச்சிடும்போது, உரிமையாளரிடம் எழுத்து மூலம் இசைவு பெறுங்கள். பெயரைக் குறிப்பிடுவது வேறு. இசைவு பெறுவது வேறு.

இளைஞர்களே! இன்று உங்கள் கைப்பேசிகளில் ஆயிரம் படங்கள் இருக்கின்றன. இவ்வாரமே உங்கள் வீட்டு முதியவர்களை அருகில் அமர்த்தி, பழைய படங்களில் இருப்பவர்களின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதிவையுங்கள். நாளை நம் வரலாற்றை எழுதுகிறவனுக்கு அதுவே சான்று.

திண்ணை தந்த அந்த அம்மையாரின் பெயர் இம்மலரில் அப்படத்தின் கீழே அச்சாகிறது. இனி யாரும் அவரை “யாரோ” என்று சொல்ல மாட்டார்கள்.