தள்ளிப்போன சத்திரசிகிச்சை



கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஒரு தாயாரை மனக்கண்ணில் கொள்வோம். அவருக்குப் பித்தப்பையில் கல். உணவுண்ட பின் வலது விலாவின் கீழே வலி எழும். சில மணி நேரத்தில் அடங்கும். வயிற்றைக் கீறாமல், சிறு துவாரங்களின் வழியே பித்தப்பையை அகற்றிவிடலாம் என்று கூறி, வைத்தியர் நாளும் குறித்துக் கொடுத்திருந்தார். அந்நாள் வருமுன்னரே, 2020 மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. வெள்ளவத்தையிலிருக்கும் மகனும் தாயைக் காண வர இயலவில்லை. சத்திரசிகிச்சை தள்ளிப்போயிற்று.

இத்தகைய தாய்மார் கொழும்பில் மட்டுமன்று, உலகெங்கும் இருந்தனர். கொவிட் நோயின் கடுமையான 12 வாரங்களில் 2 கோடியே 84 இலட்சம் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் உலகில் தள்ளிப்போகும் அல்லது கைவிடப்படும் என ஆய்வாளர் அக்காலத்தில் மதிப்பிட்டனர்.

ஏன் தள்ளிவைத்தார்கள்? கட்டிலும், ஒட்சிசனும், தாதியரும் தொற்றாளருக்குத் தேவைப்பட்டமை ஒரு காரணம். நோயாளியின் உயிர்க்காப்பு மற்றொரு காரணம். சத்திரசிகிச்சையை ஒட்டித் தொற்றுக்கு உள்ளான 1,128 பேரைப் பல நாடுகளில் ஆராய்ந்தபோது, 30 நாட்களுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 24 பேர் மாண்டது தெரியவந்தது. ஆகவே, அந்தத் தாமதம் பலருக்குக் கவசமாகவும் அமைந்தது.

துவாரச் சத்திரசிகிச்சைக்கு மட்டும் உரிய ஓர் அச்சமும் எழுந்தது. 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்பவர் இம்முறையிற் பித்தப்பையை அகற்றிய நாள் முதல் உலகெங்கும் பரவிய இச்சிகிச்சையில், காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்கிறார்கள். அவ்வாயு வெளியேறும்போது கிருமியும் உடன் வருமோ? இவ்வையத்தினால் 2020 மார்ச்சில் பிரித்தானியச் சத்திரசிகிச்சைக் கல்லூரிகள் இம்முறையைப் பொதுவாகத் தவிர்க்குமாறு கூறின. ஆனால், வயிற்றைத் திறந்தாலும் மின்கத்தி எழுப்பும் புகை உண்டன்றோ? மூடிய வயிற்றிலிருந்தோ வாயுவை வடிகட்டியினூடாக வெளியேற்றலாம். நோயாளியும் விரைவில் வீடு திரும்புவார், கட்டிலும் மிஞ்சும். ஆதலால், தக்க பாதுகாப்புடன் இம்முறையைத் தொடரலாம் என்ற கருத்தே பின்னர் வலுப்பெற்றது.

மீண்டும் நம் தாயாரிடம் வருவோம். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்து தொற்றுப் பரவியபோது, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட வடகொழும்புப் பகுதிகள் தனிமைப்படுத்தல் ஊரடங்குக்கு உள்ளாயின. இதற்கிடையில் அவருடைய வலியும் அடங்கியிருந்தது. "இனி எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் எண்ணிக்கொண்டார்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது, நேயர்களே. வலி அடங்கியது, கல் அகலவில்லை. அது நகர்ந்து பித்தக் குழாயை அடைத்தால் மஞ்சட்காமாலை தோன்றும். கணையம் அழற்சியுற்றால் உயிருக்கே கேடு நேரலாம். "அவசரமற்றது" என்று வைத்தியர் கூறுவது, "இன்றே செய்யவேண்டியதில்லை" என்ற பொருளிலேயாம். "தேவையற்றது" என்ற பொருளிலன்று.

இன்னொரு பெருந்தொற்று வரினும் வராவிடினும் இதனை நினைவிற் கொள்ளுங்கள். சத்திரசிகிச்சை தள்ளிப்போனால், அடுத்த நாள் எப்போது என்று கேட்டறியுங்கள். கிளினிக் புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். கண் மஞ்சளித்தாலோ, வலியுடன் காய்ச்சலும் குளிரும் கண்டாலோ, ஓயாத வாந்தி எடுத்தாலோ, ஊரடங்கு என்றெண்ணி வீட்டிலிருந்துவிடாதீர்கள். ஊரடங்குக் காலத்திலும் வைத்தியசாலையின் அவசரப் பிரிவு திறந்தேயிருக்கும்.

காத்திருத்தல் வேறு, மறந்திருத்தல் வேறு. காத்திருப்போரை மறவாதிருப்பது வைத்தியசாலையின் கடமை. தம் நோயைத் தாமே மறவாதிருப்பது நம் கடமை.