குருமனையும் விறாந்தையும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



'ஜேன் அயர்' கதையை நம்மில் பலர் படித்திருப்போம். அதை எழுதிய சார்லட் பிரான்டே வளர்ந்தது ஒரு குருமனையில். இங்கிலாந்தின் யோக்ஷயரில், ஹாவர்த் என்னும் மலைக்கிராமத்தில் அது இருக்கிறது. அவருடைய தகப்பனார் அங்கே குருவாகக் குடும்பத்தோடு வந்தது 1820இல். மட்டக்களப்பில் வின்சன்ட் மகளிர் பாடசாலை தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

அந்த வீடு கல்லால் ஆனது. கூரையும் கற்பலகைதான். நடுவில் வாசலும் நடையும். ஒருபுறம் தகப்பனாரின் படிப்பறை, மறுபுறம் சாப்பாட்டறை. குளிருக்குக் கணப்பு அடுப்புகள். சூட்டை உள்ளே காப்பதற்காகவே கட்டிய வீடு அது. அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றித்தான் மூன்று சகோதரிகளும் எழுதினார்கள்.

1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். அவரைப்போல் வந்தவர்களின் மனதில் இருந்த வீடும் இதுபோன்றதுதான். ஆனால் நமது வெயில் அதை மாற்றிவிட்டது. நடுவில் மண்டபம், இருபுறமும் அறைகள் என்ற ஒழுங்கு நின்றது. கணப்பு அடுப்பு போய் விறாந்தை வந்தது. கூரை உயர்ந்து ஓடு ஏறியது. வாவிக் காற்று ஊடறுத்துப் போகக் கதவும் கதவும் நேர்நேராக அமைந்தன. குசினி பின்னால் தனியே போனது. சுண்ணாம்பு குழைத்துச் சுவர் எழுப்பியவர்களும் மரம் இழைத்தவர்களும் நம்மவர்கள். ஆகவே அந்தப் பழைய வீடுகளை வெள்ளைக்காரரின் வீடு என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது.

1978 நவம்பர்ப் புயல் பல கூரைகளைக் கொண்டுபோனது. மிஞ்சியவை மாடிக் கட்டிடங்களுக்காக இடிபடுகின்றன. பிள்ளைகளுக்கு வகுப்பறை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கல்லடியில் 2013இல் புதுப்பாலம் திறந்தபோது 1924இன் பழைய பாலத்தை நாம் விட்டுவைத்தோமே! ஹாவர்த் வீட்டையும் வாசகர்கள் சேர்ந்த ஒரு சங்கமே 1928 முதல் அருங்காட்சியகமாகக் காத்துவருகிறது.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான்: எந்தப் பழைய கட்டிடத்தையும் இடிக்குமுன் அளந்து, வரைந்து, படமெடுத்து வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் உங்கள் வகுப்புப் படங்களை எடுத்துப் பாருங்கள். நாம் நமது முகங்களைத்தான் தேடுவோம்; இம்முறை பின்னால் தெரியும் தூணையும் யன்னலையும் பாருங்கள். ஆண்டைக் குறித்து ஒரு பிரதியைச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.